அடுப்பை விட்டுப் போனவர்கள்

1

இந்த ஊரில் இப்போது ஐந்து பேர் இருக்கிறோம். போன மாதம் ஆறு பேர். ஆறாவது ஆள் செத்துப்போகவில்லை, தெற்கே மகன் வீட்டுக்குப் போய்விட்டார். இங்கே சாகும்வரை யாரும் காத்திருப்பதில்லை. அதற்கு முன்பே ரயிலேறிவிடுகிறார்கள்.

நான் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பக்கத்துப் பாலைவனத்தில், ஒரு காலத்தில் பொன் தோண்டிய ஊரொன்றில் பாண், அதாவது ரொட்டி, சுடுகிறவன். பெயர் சவேரியான் பர்னாந்து. இலங்கையின் கல்பிட்டிக் கரையில், தலவில அன்னம்மாள் கோயில் மணி காற்றுவாக்கில் கேட்கும் தூரத்தில் பிறந்தவன். வந்தபோது மீசை அரும்பியிருந்தது, இப்போது அது முழு வெள்ளை. இடையில் இரண்டு பெரிய போர்கள் வந்து போய்விட்டன. ஊரின் பெயரை எழுதவில்லை. வரைபடம் அச்சடிக்கிறவர்களே அதை விட்டுவிட்டார்கள், நான் எழுதி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

ஐந்து பேருக்குப் பாண் சுட இவ்வளவு பெரிய போறணை எதற்கு என்று கேட்பீர்கள். ஊர் முழுவதற்கும் பாண் சுட்ட செங்கல் போறணை அது. இப்போது அதன் ஒரு மூலையில் நான்கு பாண் வைக்கிறேன். ஒன்று கூடுதலாக வெந்தால் போறணையைத் திட்டுவேன், அதுவும் தமிழில். என் தமிழை இன்றைக்கும் தவறாமல் கேட்பது அது ஒன்றுதான்.

ரயில் கிழமைக்கு ஒரு முறை வரும். சில மாதங்களுக்கு முன்பு அதில் என் தம்பி மனுவேலின் கடிதம் வந்தது. போர்க் காலத்தில் கடிதமே இல்லை, இது நீண்ட நாளைக்குப் பிறகு வந்த முதல் கடிதம். நின்றபடியே படித்தேன்.

“அண்ணன், அக்காவுக்கு ரெண்டு கண்ணும் மங்கிப் போச்சு. ஆளைத் தெரியாது, குரலை வைச்சுத்தான் பிடிக்கிறா. ‘சவேரி வந்து ஒரு கதை கதைச்சாப் போதும், நான் ஆளைப் பிடிச்சிடுவன்’ எண்டு நாளுக்கு நாலு தரம் சொல்றா. இப்ப கப்பல் ஓடுதாமே. ஒருக்கா வந்துட்டுப் போங்க.”

அக்கா என்றால் செபமாலை. எங்கள் அம்மா இறந்த பிறகு எனக்குச் சோறு போட்டவள். போக வேண்டும் என்று அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டேன். போவது பெரிய காரியம் இல்லை. திரும்பி வருவதுதான் இந்தக் குறிப்புகளின் விஷயம்.

2

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இது எப்படிப் பிறந்தது என்று மூன்று பேரைக் கேட்டால் மூன்று கதை வரும். குதிரை உதைத்துப் புரட்டிய கல்லில் பொன் மின்னியது என்பது ஒன்று. எனக்கு விறகு வெட்டித் தந்த ஒரு மனுசன், தானே அந்தக் குதிரை என்பதுபோல் அதை விவரிப்பான். எப்படியோ, செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தே வந்தார்கள். முதலில் கூடாரம், பிறகு தகரம், பிறகு பலகை. இரண்டு கோடை கழிவதற்குள் நீதிமன்றம், குதிரைப்பந்தயத் திடல், பித்தளை வாத்தியக் குழு, தெருவுக்கு இரண்டு மதுச்சாலை, ஒன்றையொன்று ஏசும் இரண்டு பத்திரிகைகள். தெருக்கள் மட்டும் தேவைக்கு மீறி அகலம். ஒட்டகத் தொடர் ஒன்று முழுசாகத் திரும்புவதற்காக அப்படி அளந்தார்களாம். சாமான் கொண்டுவந்தது ஆப்கானியரின் ஒட்டகங்கள். அவர்கள் இல்லாவிட்டால் ஊர் பட்டினி கிடந்திருக்கும். ஆனாலும் அவர்களுக்கு ஊருக்குள் குடியிருக்க இடமில்லை, பொன் தோண்ட உரிமையும் இல்லை. சீனருக்கும் அதே கதி. தண்ணீர் இருந்த பாறைக் குழிகளைக் காட்டிக்கொடுத்த இந்த மண்ணின் மக்களையோ, அந்தக் குழிகளின் பக்கமே வராமல் விரட்டினார்கள். பொன் ஊர்களைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை, அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

ஊரின் உண்மையான சாமி தண்ணீர்தான். மழை கிடையாது. கிணறு தோண்டினால் கடலைவிட உவர்ப்பு. அதைப் பெரிய தாங்கிகளில் ஊற்றிக் காய்ச்சி, ஆவியைப் பிடித்துக் குளிரவைத்துக் குடித்தார்கள். நான் வந்திறங்கிய அன்று அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். எங்கள் கரைக்குப் பக்கத்துப் புத்தளத்தில் நாங்கள் தண்ணீரை விரட்டிவிட்டு உப்பை எடுப்போம். இவர்கள் உப்பை வாரி எறிந்துவிட்டுத் தண்ணீரை விற்றார்கள். அந்த அடுப்புகளுக்கு விறகு வெட்டி வெட்டிக் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு மரம் இல்லாமல் போயிற்று. குழாய்த் தண்ணீர் பிறகுதான் வந்தது.

நான் இங்கே வந்த வழியையும் சொல்ல வேண்டும். மன்னார்க் கரையில் முத்துக் குளிக்கிற காலத்தில் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போவார். வெறும் மணல். அதில் ஒரு மாதத்துக்குள் கிடுகாலே, பின்னிய தென்னோலையாலே, ஒரு பட்டினம் எழும்பும்: அரசாங்கக் கச்சேரி, ஆசுபத்திரி, கடைத்தெரு, சண்டை, கோயில், பள்ளிவாசல் எல்லாம். குளிப்பு முடிந்ததும் ஒரு கிழமையில் மறுபடி வெறும் மணல். அங்கே குளிப்பவர்களுக்குக் கயிறு பிடித்துப் பழகிய என்னை, இந்நாட்டு வடமேற்குக் கரையில் முத்துச்சிப்பி எடுக்கும் ஒரு முதலாளி கூலிக்கு எடுத்துக் கப்பலேற்றினார். இரண்டு வருசம் கடலில். பிறகு கூலி முடிந்து, பொன்னின் கதை கேட்டு, உள்ளே வந்தேன். வெளிநாட்டு நிற ஆட்களை நாட்டுக்குள் விடாத சட்டம் அப்போது இன்னும் வரவில்லை. நான் வந்து சில காலத்தில் வந்தது, கதவு எனக்குப் பின்னால் சாத்தப்பட்டது.

இந்த ஊரைக் கண்டதும் எனக்குப் புதினமாக ஒன்றும் தெரியவில்லை. முத்துக் குளிக்கிற பட்டினம், கடல் மட்டும் இல்லை. இதுவும் ஒருநாள் கிளம்பும் என்று முதல் நாளே நினைத்தேன். கொஞ்சம் காலம் எடுத்தது, அவ்வளவுதான்.

3

சுரங்கக்காரர்கள் சாப்பிடும் ஒரு விடுதியில் சமையலுக்குச் சேர்ந்தேன். விடுதிக்காரி பேரேட்டைத் திறந்து என் பெயரைக் கேட்டாள். சொன்னேன். “பர்னாந்தா? அப்ப நீ போர்த்துகீசன்,” என்றாள். “இல்லை அம்மா, சிலோன்” என்று வாயைத் திறந்தேன். பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். “இங்க கேள். சிலோன்காரனுக்கு இந்த ஊரில வேலை கொடுத்தா நாளைக்கு எல்லாரும் சாப்பாட்டுத் தட்டை என் தலையில கவிழ்ப்பாங்கள். போர்த்துகீசனுக்குப் பிரச்சினை இல்லை. நீ யார்?”

நான் போர்த்துகீசன் ஆனேன். போர்த்துகீசியத்தில் எனக்குத் தெரிந்தது, நம் தமிழில் கலந்துபோன கதிரை, அலுமாரி, பாண். நம் எல்லாருக்கும் தெரிந்த அளவுதான். சவேரியான் என்ற பெயர் யார் வாயிலும் நுழையவில்லை, அதனால் ‘போர்த்துகீசிய ஜோ’ என்று வைத்தார்கள். இந்த ஊரின் குணம் அது. எங்கிருந்து வந்தாய் என்று ஒருவரும் துருவமாட்டார்கள், பாதிப் பேருக்கு மறைக்க ஏதோ இருந்தது. ஒருவன் சொன்ன கதையை மற்றவன் நம்பிக்கொள்வான், தன் கதையையும் அவன் நம்புவான் என்ற ஏற்பாட்டில். கடும் கோபக்காரர்கள், அதே அளவு இளகிய மனம். சுரங்கம் சரிந்து ஒருவன் போனால் அன்று மாலைக்குள் அவன் வீட்டு வாசலில் விறகும் மாவும் வந்து கிடக்கும், வைத்தது யாரென்று தெரியாது.

விடுதியில் துணி வெளுத்துக்கொண்டிருந்த அயர்லாந்துப் பெண் நோராவை, ஊர்ப் போறணை என் கைக்கு வந்ததும், மணந்தேன். அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். “சிலோனிலும் பூசை லத்தீனில்தானே?” என்று கேட்டாள். ஓம் என்றேன். “பிறகென்ன,” என்றாள். ஒரு மகள் பிறந்தாள். தலவில தாயின் பெயரையே வைத்தோம், அன்னா. நிறம் தாயினது, கண்ணும் பிடிவாதமும் என்னுடையது. பள்ளியில் அவளைக் கேட்டபோது, “அப்பா போர்த்துகீசர்” என்றாள். நாங்கள்தான் சொல்லிக்கொடுத்திருந்தோம். வளர்ந்ததும் உண்மையைச் சொன்னோம். துறைமுக நகரத்தில் ரயில்வே எழுத்தர் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனபோதும் அந்தப் போர்த்துகீசக் கதை அவளோடு போயிற்று. மருமகனுக்கு விசயம் தெரியும். ஊருக்குத் தெரியாது.

4

பொன் ஆழத்துக்குப் போயிற்று. ஆழத்தில் உவர்நீர் வந்தது. இறைக்கிற செலவு எடுக்கிற பொன்னைத் தின்றது. ஒருநாள் சுரங்கச் சங்கு ஊதவில்லை. அது ஊதாமல் நிற்க, ஊர் முழுவதும் வாசலுக்கு வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

பிறகு வீடுகள் கிளம்பின. இங்கத்து வீடு பலகையும் தகரமும்தான். ஆணியைக் கழற்றி, பலகைகளுக்குச் சுண்ணாம்புக் கட்டியால் இலக்கம் போட்டு, ரயிலில் ஏற்றித் தெற்கே கோதுமை விளையும் ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். காலையில் நான் பாண் கொடுத்த வீடு மாலையில் ரயிலில் இருக்கும். மதுச்சாலை போனது, நீதிமன்றம் போனது, கோயிலும் போனது. எல்லாம் போன இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு செங்கல் அடுப்பும் அதன் மேலே நெட்டையாக ஒரு புகைக்கூடும் மட்டும் நின்றன. புகைக்கூடு என்ற சொல்லுக்காகவே அரை நாள் யோசித்தேன். எங்கள் கரையில் புகை தன்பாட்டில் கிடுகு வழியாகப் போகும், அதற்கென்று ஒரு வழி கட்டிப் பெயர் வைப்பதில்லை.

இங்கேதான் நான் ஒரு பிழையை விட்டேன். கல்பிட்டிக் கரையில் பிறந்த ஒருவன்தான் இப்படி ஒரு பிழையை விடுவான்.

உங்களில் கரையோரத்து ஆட்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் பருவத்துக்குப் பருவம் மாறித் தொழில் செய்கிறவர்கள். மீன் இருக்கும் கரையில் கிடுகால் வாடி போட்டுத் தங்குவோம். சோளகக் காற்று, தென்மேற்குப் பருவக் காற்று, எழும்பியதும் கிடுகு, கம்பு, வலை, பானை, அந்தோனியார் சுரூபம் எல்லாவற்றையும் வள்ளத்தில் ஏற்றுவோம். மூன்று அடுப்புக் கற்களை மட்டும் மணலில் விட்டுவிட்டு வருவோம். அந்தக் கரையில் கல்லே கிடையாது, தூரத்திலிருந்து கொண்டுவந்த கல் அது. அதை விட்டுப்போனால் திரும்பி வருவோம் என்று அர்த்தம். வரமாட்டேன் என்கிறவன் கல்லைக் கையோடு எடுத்துப் போவான். நாங்கள் கிளம்பும்போது பின்தங்கி நிற்கும் பக்கத்து ஊர் உடப்புக்காரர்கள், “போய் வாங்க, கல்லைப் பார்த்துக்கொள்றம்” என்பார்கள். அவர்கள் முந்தினால் நாங்கள் அதையே சொல்வோம். மண் மூடினால் தள்ளிவிட வேண்டும். இது யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த ஒன்றல்ல, காலைக் கழுவிவிட்டு வள்ளத்தில் ஏறுவதுபோல.

ஆகவே, முதல் வீடு போய் அடுப்பு மட்டும் நின்றதைப் பார்த்ததும் நோராவிடம் சொன்னேன்: “திரும்பி வருவாங்க.” “எப்படித் தெரியும்?” என்று கேட்டாள். மூன்று கல்லின் கதையைச் சொன்னேன். நோரா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த அடுப்பைப் பார்த்தாள். “அப்படியென்றால் கூட்டி வைப்போம்,” என்று விளக்குமாறு எடுத்துவந்தாள்.

அன்றிலிருந்து இந்த ஊரில் செம்புழுதிக் காற்று அடித்து ஓய்ந்த ஒவ்வொரு முறையும் நாங்கள் இரண்டு பேரும் அடுப்படி அடுப்படியாகப் போய்ப் புழுதியை வாரினோம். நோரா இறந்த பிறகு நான் தனியாக. போனவர்களுக்கு யேசு பிறந்த நத்தார் காலத்தில் கடிதம் போடுவேன்: உங்கள் அடுப்பு நன்றாக இருக்கிறது, ஒரு செங்கல் மட்டும் பெயர்ந்தது, வைத்துப் பூசிவிட்டேன். சிலர் பதில் எழுதுவார்கள். ஒருவரும் வரவில்லை.

5

அன்னா வருசத்துக்கு இரண்டு முறை எழுதுவாள்: “இங்கே வந்து எங்களோடு இருங்கள்.” நான் ஒவ்வொரு முறையும் அடுப்புகளைக் காரணம் காட்டுவேன். உண்மையான காரணம் வேறு. அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பேத்தி பிறந்தபோது ஒரே ஒரு தடவை அவள் வீட்டுக்குப் போனேன். அழகான சிறு வீடு, முன்னால் ரோசா, பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் நடுவில் ஒரு செடிவேலி. மூன்றாம் நாள் நானும் அன்னாவும் தோட்டத்தில் நின்றோம். பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, “தோட்டத்துக்குப் புது ஆள் எடுத்திருக்கிறீர்களா, ஆனி?” என்று அன்னாவைக் கேட்டாள்.

அன்னா வாயைத் திறந்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குப் பயம். போர்த்துகீசன் என்று சொன்னால் என் முகத்தைப் பார்த்து இந்த அம்மாள் நம்பமாட்டாள். உண்மையைச் சொன்னால் நாளைக்கு அந்தத் தெருவில் என் பிள்ளைக்கு யாரும் தலையாட்டமாட்டார்கள். நான் முந்திக்கொண்டேன். “ஓம் அம்மா, இவங்கட தகப்பனிட்ட முன்பு வேலை செய்தவன்,” என்றேன். சொன்னதோடு விடவில்லை. சொன்னதற்குப் பொருத்தமாக வேலியையும் வெட்டிக் கொடுத்தேன். இரண்டு பக்கமும், ஒழுங்காக. அந்த அம்மாள் கைச்செலவுக்கு ஒரு சில்லிங்கும் தந்தாள்.

அன்னா உள்ளே போய்விட்டாள். அன்று முழுவதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வெட்கப்படுகிறாள் என்று எண்ணினேன், என்னால் அவளுக்கு வந்த வெட்கம். அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன். பிள்ளை நல்லாயிருந்தால் போதும் என்று பெட்டியில் உட்கார்ந்து அழுதேன்.

6

இனி மனுவேலின் கடிதத்துக்கு வருகிறேன்.

என்னைப் போன்ற நிறமுள்ள ஒருவன் இந்நாட்டைவிட்டு வெளியே போய்த் திரும்பி வர வேண்டுமானால், போகும் முன்பே ஒரு பத்திரம் எடுக்க வேண்டும். அதில்லாமல் போனால் கப்பல் திரும்பி வரும்போது துறைமுகத்தில் நிறுத்தி, ஏதாவது ஒரு பாசையில் எழுத்துச் சோதனை வைப்பார்கள். அவர்கள் தேர்ந்தெடுக்கும் பாசை உங்களுக்கு நிச்சயம் தெரியாததாகத்தான் இருக்கும். இத்தனை வருசம் இங்கே பாண் சுட்டாலும், பெண்டாட்டியை இங்கே புதைத்திருந்தாலும் அதே சோதனை.

துறைமுகத்துச் சுங்க அலுவலகத்துக்கு, எங்கள் பேச்சில் கந்தோருக்கு, விண்ணப்பம் எழுதினேன். பிறந்த இடம் என்ற கோட்டில் பொய் எழுத முடியாது, அக்காவிடம் போகிறவன் போர்த்துகலுக்குச் சீட்டு எடுக்க முடியுமா? இலங்கைத் தீவு, கல்பிட்டி என்று எழுதினேன். நன்னடத்தைக்குச் சாட்சியாக, என்னை அறிந்த மதிப்பான ஆட்களிடம் கடிதம் வாங்கி அனுப்பச் சொன்னார்கள். யார் யாருடைய அடுப்பை நான் பார்த்துக்கொண்டேனோ அவர்களுக்கெல்லாம் எழுதிப்போட்டேன். வரவில்லையே என்று நான் மனத்தாங்கல் பட்டவர்கள் எல்லாரும் எழுதினார்கள். முன்பு இங்கே நீதவானாக இருந்தவர், பள்ளி ஆசிரியை, சுரங்க மேலாளரின் விதவை. ஒவ்வொன்றையும் படித்துக் கண் கலங்கினேன். இவ்வளவு நல்லவனா நான் என்று எனக்கே சந்தேகம் வந்தது. கட்டாகக் கட்டி அனுப்பினேன்.

கந்தோரிலிருந்து பதில் வந்தது. சாட்சிக் கடிதங்கள் எல்லாம் ‘போர்த்துகீசிய ஜோ’ என்ற ஐரோப்பியரைப் பற்றியவை. விண்ணப்பித்திருப்பவர் சவேரியான் என்ற ஆசியர். இருவரும் ஒருவரே என்பதை, விண்ணப்பதாரரின் பிறப்பை அறிந்த நெருங்கிய உறவினர் நேரில் வந்து சத்தியக் கடதாசியில் ஒப்பமிட்டு உறுதிசெய்ய வேண்டும்.

சிரிக்கலாம்தான். என் பொய்யை இந்த ஊர் அவ்வளவு நன்றாக நம்பியிருக்கிறது. ஆனால் எனக்கு நெருங்கிய உறவு என்று இந்நாட்டில் ஒருத்திதான். அவள் ஒப்பமிட்டால், ஆசியனின் மகள் என்று அவள் பெயர் அரசாங்கக் காகிதத்தில் ஏறும். அது பேத்தியின் பெயருக்கும் ஏறும். மருமகனின் வேலைக்கும் ஏறலாம். கேட்க மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

பத்திரம் இல்லாமலே போவது, போனால் போனதுதான் என்று துணிந்தேன். அன்னாவுக்கு எழுதினேன்: அக்காவைப் பார்க்கப் போகிறேன், திரும்பி வர அனுமதி கிடைக்காது போலிருக்கிறது, அம்மாவின் கல்லறைக்கு வேலி போட்டுவிட்டேன், பிள்ளைக்கு என் முத்தம். காரணத்தை எழுதவில்லை.

7

அடுத்த ரயிலில் அன்னா வந்து இறங்கினாள். தொப்பி, வெள்ளைக் கையுறை, கையில் என் கடிதம். நிலையத்தில் நானும் ஆடுகளும்தான். முத்தம்கூடக் கொடுக்கவில்லை.

எங்கள் பேச்சு இங்கிலீசில்தான் நடக்கும். ஆனால் என் காதில் அது எங்கள் கரைத் தமிழாகத்தான் விழுகிறது, அப்படியே எழுதுகிறேன்.

“என்ன கதை இது அப்பா? போறீங்களாம், வரமாட்டீங்களாம். என்னட்ட ஒரு சொல் கேட்கவேணும் எண்டு தோணல்லையா?”

“உனக்கு ஏன் மகள் வீண் கரைச்சல்?”

அவள் வீட்டுக்குள் போனாள். மேசையில் கந்தோர்க் கடிதம் கிடந்தது. எடுத்துப் படித்தாள். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. நான் போறணையைப் பார்க்கிற சாட்டில் வெளியே வந்தேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

“இதுக்குத்தானா? ஒரு ஒப்பத்துக்கா?”

“அது ஒப்பம் மட்டும் இல்லை அன்னா. உனக்குத் தெரியும். நான் இங்க இந்த அடுப்புகளைப் பார்த்துக்கொண்டு...”

“அடுப்பு, அடுப்பு!” என்று கத்தினாள். தெரு முழுவதும் நின்ற புகைக்கூடுகளைக் கையால் காட்டினாள். “செங்கல்லை ரயிலில ஏத்திக்கொண்டு போக ஏலாது அப்பா. உடைஞ்சு போகும், பாரம். அதாலதான் விட்டுட்டுப் போனாங்க. ஒருத்தரும் வரமாட்டாங்க. அம்மாவுக்கு முதல் நாளே தெரியும். என்னட்டச் சொன்னா, ‘அவரிட்டச் சொல்லிப்போடாதே, அந்த மனுசனுக்கு அது ஒரு ஆறுதல்’ எண்டு.”

பக்கத்து அடுப்பின் விளிம்பில் உட்கார்ந்தேன். நோரா அத்தனை வருசம் விளக்குமாறோடு என் பின்னால் வந்தாள். ஒரு நாள்கூட என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவள்மேல் எனக்கு அந்த நேரத்தில் வந்த பாசத்தை, அவள் உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டும்.

அன்னா என் அருகில் உட்கார்ந்தாள். குரல் தணிந்திருந்தது.

“அண்டைக்கு அந்த வேலியடியில நான் வாயைத் திறந்தனே, என்ன சொல்லப் போனன் எண்டு நினைச்சீங்க?”

நான் அடுப்பு விளிம்பிலிருந்த புழுதியைத் தட்டினேன்.

“இது என்ர அப்பா எண்டுதான். மூண்டு நாளா அதைச் சொல்ல நெஞ்சைத் தேத்திக்கொண்டு இருந்தன். நீங்க முந்திப்போட்டீங்க. நான் உங்கட மகள் இல்லை எண்டு என்ர முன்னாலேயே சொன்னீங்க. பிறகு அந்த வேலியை வெட்டினீங்க. நான் யன்னலுக்குள்ளால பார்த்துக்கொண்டு நிண்டன்.”

“உனக்காகத்தான் மகள்.”

“தெரியும். அதுதான் இவ்வளவு காலமும் கோபப்படக்கூட ஏலாமப் போச்சு.”

அழுதாள். நானும்தான். கடைசியில் நான் கேட்டேன், பிள்ளையின் பள்ளி, மருமகனின் வேலை எல்லாம் என்ன ஆகும் என்று. “உங்களை இனி ஒளிக்கிறதில்லை எண்டு நானும் அவரும் எப்பவோ கதைச்சு முடிவெடுத்திட்டம்,” என்றாள். “வாறது வரட்டும். எழும்புங்க.”

போன கிழமை துறைமுகக் கந்தோருக்குப் போனோம். நல்ல வெயில் நேரம். இளம் உத்தியோகத்தர், பேனாவை மையில் தொட்டுத் தொட்டு எழுதினார். அன்னாவின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“விண்ணப்பதாரர் உங்களுக்கு என்ன முறை?”

“தகப்பன்.”

“அவர் போர்த்துகீசியர் என்றுதானே எல்லாக் கடிதமும் சொல்கிறது?”

“அது பிழை. இலங்கையில், கல்பிட்டியில் பிறந்தவர். சவேரியான் பர்னாந்து. ஜோவும் அவர்தான்.”

“யோசித்துத்தான் ஒப்பமிடுகிறீர்களா, அம்மா? இது அரசாங்கக் கோப்பில் நிரந்தரமாக இருக்கும்.”

“இருக்கட்டும்,” என்று சொல்லி முழுப்பெயரையும் எழுதினாள். கல்யாணத்துக்கு முன்னிருந்த பர்னாந்தையும் நடுவில் சேர்த்து எழுதினாள். அதை யாரும் கேட்கவில்லை.

பிறகு என் முறை. இடது கையை விரித்து, மை பூசிய தட்டில் அழுத்தி, பத்திரத்தில் பதிக்க வேண்டும். திரும்பி வரும்போது அதே கைதானா என்று பார்ப்பார்களாம். உத்தியோகத்தர் மாட்டுக்குச் சூடு போடுகிறவர்போல என் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினார். விரலெல்லாம் கறுப்பு. துடைக்க ஒரு கந்தல் தந்தார், அதில் ஏற்கனவே எத்தனையோ பேரின் மை. துடைக்கத் துடைக்கப் பரவியது.

வெளியே வந்தோம். தெருவில் நல்ல சனம், கடைக்குப் போகிறவர்களும் வேலை விட்டு வருகிறவர்களும். பேத்தி பிறந்தபோது வந்தவன் அந்த நகரத்துத் தெருக்களில் அவளுக்கு மூன்று அடி பின்னால்தான் நடந்தேன், கால் அதை மறக்கவில்லை. அன்றும் பின்னால் வந்தேன். கொஞ்சத் தூரம் போன அன்னா நின்றாள். திரும்பி என்னிடம் வந்தாள். மை பட்ட கையை நான் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அதை இழுத்துப் பிடித்தாள்.

“விடு மகள், உன்ர கையுறை பழுதாப் போகும்.”

“போகட்டும்.”

எதிரே வந்த ஒரு பெண் அன்னாவைப் பார்த்துத் தலையாட்டி, பிறகு என்னைப் பார்த்து, எங்கள் கைகளைப் பார்த்தாள். கோயிலில் பழக்கமானவளாம். அன்னா நின்றாள். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை.

“இது என்ர அப்பா,” என்றாள்.